அடைமழைத் தூக்கம்

நரிப்பொட்டலில் முதலில் படுத்தவள் பேச்சித்தாய்தான். ஐப்பசி பிறந்து, கடல் பக்கமிருந்து கறுப்பாக ஏறி வந்த மேகம் உப்பளத்தின் மேல் நின்று பெய்து, பாத்தி பாத்தியாக முற்றிக் கிடந்த உப்புத் தண்ணீரையெல்லாம் வெறும் மழைத்தண்ணீராக்கிவிட்டுப் போன அன்று, கங்காணி வேதமாணிக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றபடி "இனி தையில பாப்போம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று வருஷா வருஷம் சொல்வதையே சொன்ன அன்று, பேச்சித்தாய் உப்பு வாரும் பலகையைக் கழுவிச் சுவரில் சாத்தினாள். பானைக்குள் கைவிட்டு அடியில் கிடந்த அரிசியை அளைந்து பார்த்தாள். பானையை மூடினாள். பாயை விரித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தாள். தை மாத வெயில் வந்து பொட்டலைக் காயவைக்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அதைக் கண்டவள் பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி. பேச்சித்தாய் பிள்ளை குட்டி இல்லாத விதவை. இரண்டு பேரும் அளத்தில் ஒரே பாத்தியில் எதிரும் புதிருமாக நின்று உப்பு வாருகிறவர்கள். கதவு திறக்காமல் கிடக்கிறதே என்று கனி உள்ளே போய், "மதினி, ஏ மதினி" என்று தோளைத் தொட்டு உலுக்கினாள். உடம்பு சூடாக இருந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள், மூச்சு வந்தது. சுகாதார நிலையத்து நர்சம்மா சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, நாடி பார்த்து, கண்ணிமையை விலக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்காவ. அசந்து தூங்குதாவ. எந்திரிச்சதும் சத்து மாத்திரை வாங்க வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் சில நாள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு, அவரவர்க்கு அவரவர் வயிற்றைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்ததால், வருவதை விட்டுவிட்டார்கள். கனி மட்டும் வாசலைப் பெருக்கினாள். எறும்பு ஏறாமல் பாயைச் சுற்றி உப்பைத் தூவி வைத்தாள்.

அந்த வருஷத்து மழைக்காலம் மற்ற வருஷங்களைப் போலத்தான் போனது. ஆண்கள் டவுன் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய், அங்கே ஏற்கெனவே தூக்குகிறவர்களிடம் ஏச்சு வாங்கித் திரும்பினார்கள். பெண்கள் இறால் கம்பெனியில் ஐஸில் கைவிட்டு, விரல் செத்துப்போகும் வரை இறால் உரித்தார்கள். அதுவும் தினம் கிடைக்கவில்லை. குத்துவிளக்கு முதலில் வீட்டை விட்டுப் போனது, பிறகு பித்தளைக் குடம், பிறகு கல்யாணத்துக்குக் கொடுத்த அண்டா. முருங்கைக் கீரையை அவித்து உப்புப் போட்டுக் குடித்தார்கள், உப்புக்கு மட்டும் பஞ்சமில்லை. கனியின் புருஷன் லிங்கதுரை ஒரு நாள் சும்மா இருந்த நாயைக் கல்லால் அடித்துவிட்டு, பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதான்.

தையில் பேச்சித்தாய் எழுந்தாள். கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்கு வந்து, "மழ விட்டுட்டா?" என்று கேட்டாள்.

"பொங்கலே போயிட்டு மதினி" என்றாள் கனி.

"அப்ப சரி" என்று பலகையை எடுத்துத் தோளில் போட்டாள். ஐப்பசியில் எப்படிப் படுத்தாளோ அப்படியே இருந்தாள். மற்றவர்கள் கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, சட்டைக்குள் வெறும் குச்சி மாதிரி நின்றார்கள். அவள் பானையில் அதே அரிசி வண்டு விழுந்து கிடந்தது.

அன்றைக்கு அளத்தில் வேலை நடக்கவில்லை. எல்லோரும் பேச்சித்தாயைச் சுற்றி நின்று, எப்படிச் செய்தாய், எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். அவள் யோசித்துப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணும் செய்யல. நாளைக்கு என்னன்னு நெனைக்கத விட்டேன். வயிறு கத்திக்கிட்டே கெடந்துச்சு. நான் பதில் சொல்லல. பொறவு அது அலுத்துப்போயிப் படுத்துட்டு. அது படுத்ததும் நானும் படுத்துட்டேன்."

அடுத்த ஐப்பசியில் ஊரே படுத்தது.

உடனே எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடவில்லை. சிலருக்கு ஒரு வாரம் பிடித்தது, சிலர் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கினார்கள். லிங்கதுரை மகள் சுபாவை மார்போடு அணைத்துப் படுத்தான்; ஏழு வயசுப் பிள்ளை, அப்பா கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடியது, அவ்வளவுதான். கனி அவர்கள் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். கண்ணை மூடினாள். கூரை எங்கே ஒழுகும் என்று தோன்றியது. பிள்ளைக்கு அடுத்த வருஷம் பாவாடை குட்டையாகிவிடுமே என்று தோன்றியது. தை பிறந்ததும் வேலை உண்டா, இல்லையா என்று தோன்றியது. நாளையை அவளால் விட முடியவில்லை.

தூக்கம் கண்ணைச் சொருகிக்கொண்டிருந்தபோது லிங்கதுரை சொன்னான்: "ஒனக்கு மனசு ஓயாது கனி. நீ முழிச்சிரு. ஊருக்கு ஒரு ஆளு வேணும்லா."

அப்படித்தான் அவள் காவலானாள். வீடு வீடாகப் போய், ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்தாள், நனைகிற பாயை ஆளோடு சேர்த்து இழுத்து மாற்றினாள், பாயைச் சுற்றி உப்பைத் தூவினாள், கோழிகளை விரட்டினாள். இறால் உரிக்கப் போய்க் கிடைத்ததைத் தின்றாள். ஊரெல்லாம் பசித்துக் கிடந்த வருஷங்களில் பசி ஒரு பேச்சாக இருந்தது. கிணற்றடியில் வைத்து ஏசலாம், சிரிக்கலாம், ஒரு வீட்டில் உலை கொதித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். இப்போது பசிப்பது அவள் ஒருத்திக்குத்தான். தூங்குகிறவர்களின் அமைதியான முகங்களுக்கு நடுவில் தன் வயிறு சத்தம் போடுவது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்தத் தூக்கத்துக்கு எல்லோரும் பழகிக்கொண்டார்கள். கார்த்திகையில் வரும் அம்மன் கொடைத் திருவிழாவை மாசிக்கு மாற்றினார்கள். அம்மனும் தூங்கட்டும் என்று பூசாரி சந்நிதியைப் பூட்டிச் சாவியைக் கனியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். மழைக்காலத்தில் நரிப்பொட்டலிலிருந்து ஒரு மனுகூட வருவதில்லை என்று தாலுகா ஆபீசில் சந்தோஷப்பட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு படுத்த ஒருத்தி எழுந்து மேலும் மூன்று மாதம் சுமந்து பெற்றாள், பிள்ளையும் உள்ளே தூங்கியிருக்கும் என்று மருத்துவச்சி சொன்னாள், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், பையன் மழைக்குத் தூங்குகிறவனா என்று கேட்டு, ஆமாம் என்றதும், அப்படியானால் மழைக்குச் செலவில்லை என்று சம்மதித்துப் போனார்கள்.

கங்காணி வேதமாணிக்கமும் பழகிக்கொண்டார். மூன்றாம் வருஷம் தையில் வானம் மூடாக்குப் போட்டிருந்தது. வெயில் வராததால் யாரும் எழவில்லை. முதலாளி அவசரப்படுத்தினார். கங்காணி ஒரு வீட்டுக்குள் போய், தூங்குகிறவனை அடித்துப் பார்த்தும் எழும்பாமல், வியாபாரியிடம் காட்டச் சட்டைப்பையில் வைத்திருந்த மாதிரி உப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவன் வாயைப் பிளந்து நாக்கில் வைத்தார். உப்புக் கரைந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து, "பாத்தி காஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டான். கங்காணி அன்றைக்கு ஊரையே அப்படி எழுப்பினார். அதற்குப் பிறகு வெயிலுக்கு அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. எவ்வளவு வெயில் அடித்தாலும், நாக்கில் உப்பு விழும் வரை கிடந்தார்கள்.

மழைக்காலத்துக்கு முதலாளி கொடுக்கும் முன்பணம் அந்த வருஷத்தோடு நின்றது. தூங்குகிறவனுக்கு எதற்குப் பணம் என்றார். பிறகு பாத்தித் தரையை மிதித்துக் கெட்டியாக்க உருளை மிஷின் வந்தது. காலால் மிதிக்க ஆள் வேண்டியதில்லை என்று தைக்குப் பதிலாகப் பங்குனியில் எழுப்பினார்கள். பங்குனியில் எழுந்தவர்களுக்குக் கோடை சீக்கிரம் முடிந்தது மாதிரி இருந்தது. ஆனால் பசித்த நாள் ஒன்றுகூட நினைவில் இல்லாததால் யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்புறம் உப்பு வாரவும் மிஷின் வந்தது. அந்தப் பங்குனியில் கங்காணி கையில் உப்புப் பொட்டலத்தோடு வீடு வீடாக ஏறி, தூங்குகிறவர்களின் தோளையும் காலையும் அமுக்கிப் பார்த்து, பிள்ளைகளைத் தாண்டி, திடமான ஆளுக்கு மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டு போனார்.

லிங்கதுரையின் காலைத் திருப்பிப் பார்த்தார். உப்பு அரித்த குழிப்புண், தூக்கத்திலும் ஆறாமல் இருந்தது.

"அண்ணாச்சி, அவிய நல்லா வேல செய்வாவ" என்றாள் கனி.

"செய்வான், நான் இல்லைங்கல. கால் ஆறட்டும். அடுத்த வருஷம் பாப்போம். எழுப்பி என்ன செய்யப் போற? சோறு வச்சிருக்கியா?"

கனி மூலையில் கவிழ்த்திருந்த பானையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஒண்ணும் கவலப்படாத. முதலாளிட்ட சொல்லியிருக்கேன். வருஷம் பூராவும் இவுங்கள நீ பாத்துக்கிடணும். மாசம் ஒன் சாப்பாட்டுக்கு அரிசி வந்துரும். ஆனா ஒண்ணு, நான் எழுப்பாத ஆள நீ எழுப்பக் கூடாது. எந்திரிச்சா வேல கேப்பான். இருந்தா கொடுக்க மாட்டோமா?"

அரிசி வந்தது, ஒரு ஆளுக்கானது. கனி அதைப் பொங்கித் தின்றாள். வெயில் காலம் முழுக்க, திண்ணென்று காய்ந்து கிடந்த தெருவில், சில வீடுகளில் ஆட்கள் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்க, சில வீடுகளில் பாயோடு கிடக்க, அவள் இரண்டுக்கும் நடுவில் நடந்தாள். மகளை எழுப்பலாமே என்று தினமும் தோன்றியது. விரலில் உப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தும் இருக்கிறாள். எழுந்தால் பசிக்கும். இருக்கிற அரிசியைப் பாதியாக்கலாம். அப்புறம் அப்பாவை எழுப்பச் சொல்லி அழும். மூன்று பேருக்கு அது காணாது. விரலில் இருந்த உப்பைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். சுபாவோடு பள்ளிக்கூடம் போய், மாமா வீட்டோடு டவுனுக்குக் குடிபோன ஒரு பிள்ளை, தாவணி போட்டுக்கொண்டு ஒரு நாள் ஊர் பார்க்க வந்தது. சுபாவின் பாயருகே நின்று, "இவ இன்னும் சின்னப் பிள்ளையாவே இருக்கா, சித்தி" என்றது. கனி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த பங்குனியிலும் கங்காணி லிங்கதுரையைத் தாண்டித்தான் போனார். மறுபடி ஐப்பசி வந்தது. அளத்தில் மழை இறங்கியதும், எழுந்து வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து படுக்கத் தயாரானார்கள். அவர்களில் பூவம்மா ஒருத்தி, கை வேகமானவள். அவள் புருஷன் சுடலைமணியை இரண்டு பங்குனியாகக் கங்காணி எழுப்பவில்லை. தூங்குவதற்கு முன் அவனோடு ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று பூவம்மாவுக்கு ஆசை வந்தது. மடியில் கட்டிக்கொண்டு வந்த உப்பை யாருக்கும் தெரியாமல் அவன் நாக்கில் வைத்தாள். வைத்தவள் கொஞ்ச நேரத்தில் ஓடி வந்து கனியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எக்கா, உப்பு கரையமாட்டேங்கு."

கனி போய்ப் பார்த்தாள். சுடலைமணியின் வாய்க்குள் நாக்கு காய்ந்த ஓலையாகக் கிடந்தது. அதன்மேல் உப்புக் கல் பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. மூச்சு வந்தது. முகம் அமைதியாக இருந்தது. கனி தன் விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கை ஈரமாக்கி, வேறு உப்பு வைத்துப் பார்த்தாள். அதுவும் கரையவில்லை. பூவம்மா அவன் தலையை மடியில் எடுத்து வைத்து, "ஏய், ஒரே ஒரு வார்த்த பேசிட்டுப் படு, ஒரே ஒரு வார்த்த" என்று கெஞ்சினாள். இருட்டும் வரை கெஞ்சினாள். பிறகு அவன் பக்கத்திலேயே படுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

கனி வீட்டுக்கு வந்து லிங்கதுரையின் வாயைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தாள். லேசாக ஈரம் இருந்தது. சுபாவின் வாயில் பார்த்தாள். ஈரம் இருந்தது, போன வருஷம் இருந்த அளவுக்கு இல்லை. பங்குனி வரைக்கும் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுப்புவதற்கு ஐப்பசியைவிட மோசமான மாதம் கிடையாது என்றும் அவளுக்குத் தெரியும். அளம் குளமாகக் கிடந்தது. டவுனில் வேலை இல்லை. வீட்டில் அவளுக்கு வந்த அரிசி மட்டும் இருந்தது.

விடிந்ததும் ஊர்ப்பொதுவில் கிடந்த கொடைக்குப் பொங்கும் அண்டாவை உருட்டி வந்து, கோயில் கொட்டகைக்குள் அடுப்புக் கூட்டி, அவ்வளவு அரிசியையும் அதில் போட்டாள். கஞ்சி கொதிக்கும்போது முந்தானையில் உப்பை அள்ளிக் கட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடி வீடு வீடாக ஏறினாள். முதலில் தன் வீடு. பிறகு அடுத்த வீடு. பிறகு அடுத்தது. கங்காணி எழுப்பியவன், எழுப்பாதவன் என்று பார்க்கவில்லை. பூசாரியை எழுப்பினாள், வயிற்றில் தூங்கிப் பிறந்த பிள்ளையை எழுப்பினாள், பூவம்மாவை எழுப்பினாள். சில வீடுகளில் உப்பு கரையாமல் கிடந்தது. அந்த வீட்டு வாசல்களில் நின்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

எழுந்தவர்கள் அவளை வாழ்த்தவில்லை. "பங்குனியா?" என்று கேட்டு, வெளியே வந்து மழையைப் பார்த்து, திகைத்து, பிறகு ஏசினார்கள். இத்தனை வருஷத்து மழைக்காலப் பசியும் எங்கேயும் போகாமல் காத்திருந்து ஒரே நேரத்தில் அவர்கள் மேல் விழுந்தது. ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் அழுத சத்தம் மழைச் சத்தத்தை அமுக்கியது. "நீ தின்னுட்டு முழிச்சிருந்தவ, எங்களை ஏம்ட்டி எழுப்புன?" என்று ஒருத்தி கனியின் தலைமுடியைப் பிடித்தாள். கனி விலக்கவில்லை. "தின்னேன்" என்றாள். "தின்னது உள்ளதுதான். மிச்சம் அந்த அண்டாவுல கெடக்கு. வா."

ஆளுக்கு ஒரு சிரட்டைகூட வரவில்லை. இருந்தாலும் குடித்தார்கள். குடித்து முடிக்கும் முன்பே கங்காணியின் ஜீப் வந்து நின்றது.

"யாரு எழுப்புனா?" என்று கேட்டார் வேதமாணிக்கம். அத்தனை பேரும் விழித்து நின்று அவரைப் பார்த்தது அவருக்கு மிரட்சியாக இருந்திருக்க வேண்டும். ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "மழயில என்ன வேல இருக்கு? போய்ப் படுங்க. எல்லாரும் நல்லபடியாத் தூங்கிக்கிட்டுத்தான இருந்தீங்க?"

லிங்கதுரை நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். "சுடலைமணி நாக்குல உப்பு கரையல அண்ணாச்சி. வந்து பாருங்க."

"டாக்டரக் கூட்டியாரேன்."

"வயிறு பசிக்கி அண்ணாச்சி. அதுக்கு யாரக் கூட்டியாருவிய?"

கங்காணி வண்டியைக் கிளப்பினார். அவரும் மாதச் சம்பளக்காரர்தான். மிஷின் வந்த பிறகு தன்னை எத்தனை நாள் வைத்திருப்பார்களோ என்று அவருக்கே தெரியாது. "படுத்தா பசிக்காதுலா" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பாதிப் பேர் மறுபடியும் படுத்தார்கள். கனி ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுப் பார்த்தாள். பேச்சித்தாய் பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் மதினி. இனி எழுப்ப நான் இங்க இருக்கமாட்டேன். டவுனுக்குப் போறோம், முதலாளி ஆபீசு வாசல்ல போயி உக்காரப் போறோம். என்ன ஆனாலும் முழிச்சுக்கிட்டு ஆகட்டும்."

"நீ போ கனி. ஒனக்குப் பிள்ள இருக்கு, அவன் இருக்கான். எனக்கு முழிச்சிருந்து பாக்க யாரு இருக்கா?" என்றாள் பேச்சித்தாய். குரலில் வருத்தம்கூட இல்லை. படுத்து, காலை மடக்கிக்கொண்டாள். "கதவச் சாத்திட்டுப் போ. தூவானம் அடிக்கி."

கனி முந்தானையில் மிச்சமிருந்த உப்பையெல்லாம் அவள் பாயைச் சுற்றிக் கொட்டினாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் கொஞ்ச நேரம் நெற்றியை வைத்து நின்றாள்.

மற்றவர்கள் ரோட்டில் ஏறினார்கள். பூவம்மாவும் இன்னும் சிலரும் சுடலைமணியைப் பாயோடு தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். லிங்கதுரை கம்பை ஊன்றி நடந்தான். மழை முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் அளம் ஒரே வெள்ளக்காடாக, எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் கிடந்தது. கனி சுபாவை இடுப்பில் வைத்திருந்தாள்; பிள்ளையின் தலை அவள் தோளில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தைத் தட்டினாள்.

"அம்மா, படுக்கணும்."

"படுக்கப்படாது மக்கா."

"பசிக்கும்மா."

கனிக்குக் கால் ஒரு கணம் நின்றது. அந்த வார்த்தையை அவள் மகள் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷமாகிறது. இடுப்பில் பிள்ளையை ஏற்றி வைத்துக்கொண்டு, முந்திப் போகிறவர்களை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

"சொல்லு மக்கா" என்றாள். "நிறுத்தாத. சொல்லிக்கிட்டே வா."

"பசிக்கி."

"இன்னும் சத்தமா."

"பசிக்கும்மா, பசிக்கி, பசிக்கி" என்று சுபா அழுதாள். முன்னால் போன பிள்ளைகளும் திரும்பிப் பார்த்து, ஒவ்வொன்றாக அதையே சொல்ல ஆரம்பித்தன.